புத்தகத்து முழங்காலும் மைதானத்து முழங்காலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக, ஊர்ப் பேச்சில் பிசியோவாக, இருக்கிறேன். கிழமை நாட்களில் நோயாளர்கள், சனி ஞாயிறில் ஏதாவது ஒரு மைதானத்தின் ஓரம். பல்கலைக்கழகப் பிள்ளைகள், உடற்கல்வி ஆசிரியர்கள், கழகப் பயிற்றுநர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் குடையோடு நிற்கும் அம்மாமார் என்று எல்லோரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். வட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மிஸ், பிசியோ எண்டால் மசாஜ் செய்யிற ஆள்தானே?

இல்லை. கை வைப்பது வேலையில் ஒரு சின்னப் பங்கு. எது பழுதாகியிருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது, அந்த இடம் இன்றைக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று தீர்மானிப்பது, அதைக் கிழமைக்குக் கிழமை கூட்டிக்கொண்டு போவது, இவைதான் பெரிய பங்கு. பக்கவாதம் வந்தவர், நெஞ்சில் சளி கட்டித் தீவிர சிகிச்சையில் கிடப்பவர், செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகுபவர் எல்லோரிடமும் நாங்கள்தான் போகிறோம். விளையாட்டு அதில் ஒரு கிளை.

மட்ச் முடிந்தபின் காலைப் பிடித்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சுகமாக இருப்பது வேறு, சுகமாவது வேறு.

விளையாட்டு மருத்துவம், விளையாட்டு விஞ்ஞானம், பிசியோ. மூண்டும் ஒண்டோ?

மூன்றும் பக்கத்துப் பக்கத்து வளவுகள், நடுவில் வேலி உண்டு. விளையாட்டு மருத்துவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்த வைத்தியர், மருந்து எழுதுவது, ஸ்கானுக்கு அனுப்புவது, ஊசி போடுவது அவர் கையில். விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர் காயமில்லாத உடம்பை எப்படி இன்னும் வேகமாக, இன்னும் பலமாக ஆக்குவது என்று பார்ப்பவர். பிசியோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். காயம்பட்டவரை வைத்தியரிடமிருந்து வாங்கிப் பயிற்றுநரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரைக்கும் உள்ள தூரம் எங்களுடையது.

எங்க படிக்கிறது? இஞ்சயே படிக்க ஏலாதோ?

இயன்மருத்துவத்தில் நான்கு வருடப் பட்டம் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலும் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். பிறகு இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி என்று எல்லோருக்கும் தெரிந்த கதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம். பிசியோவுக்கு எங்கள் பிள்ளைகள் வழக்கமாகப் பேராதனைக்கோ கொழும்புக்கோ பெட்டி கட்டுகிறார்கள். விளையாட்டு விஞ்ஞானம்தான் விருப்பம் என்றால் பெலிகுல்லோயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.

பட்டம் கிடைத்த பிறகு இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். சில மாதச் சான்றிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு பிசியோ என்று பெயர்ப் பலகை போடுபவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். பதிவு இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். உள்ளவர் கோபிக்க மாட்டார்.

கம்பஸில படிக்கேக்கையே ஊர்க் கழகத்துக்குப் பிசியோவாப் போகலாமோ?

போங்கள், ஆனால் பிசியோவாகப் போகாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் தூக்குங்கள், நேரம் குறியுங்கள், உடலைச் சூடாக்கும் பயிற்சியை நடத்துங்கள், யார் எந்தக் காலில் குதித்து எந்தக் காலில் இறங்குகிறார் என்று பாருங்கள். பிரிட்டனில் பிசியோ மாணவர் ஒருவர் பட்டத்துக்குள் ஏறத்தாழ 1000 மணித்தியாலம் நோயாளரோடு நிற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆள் முன்னால் நின்று பழகாமல் இந்த வேலை வராது என்பதால்தான் அப்படி ஒரு கணக்கு. மைதான ஓரத்தில் நிற்கும் மணித்தியாலம் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் வராது, ஆனால் கண்ணில் நிற்கும்.

ஆபத்து ஊராரிடம்தான் இருக்கிறது. முதலாம் வருடம் முடித்து லீவுக்கு வந்த பிள்ளையை “எங்கட டொக்டர்” என்று கூப்பிட்டு முழங்காலை நீட்டுவார்கள். அந்த இடத்தில் “எனக்குத் தெரியாது, வைத்தியசாலைக்குப் போங்கோ” என்று சொல்லத் தெரிந்தால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

நாலு வருசம் எல்லாம் பாடமாக்கினனான். கிரவுண்டில ஒருத்தன் விழுந்து கத்தினவுடன ஒண்டும் ஞாபகம் வரேல்ல. படிச்சது வீணோ?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். வீண் இல்லை, அடுக்கு மாறி இருக்கிறது. புத்தகம் உறுப்பு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும்: தோள், இடுப்பு, முழங்கால். மைதானத்தில் விஷயங்கள் நேர வாரியாக வருகின்றன. முழங்கால் என்று பெயர் ஒட்டிக்கொண்டு யாரும் விழுவதில்லை. ஒரு பெடியன் சுருண்டு கிடக்கிறான், சுற்றி முப்பது பேர், அதில் ஒருவர் ஏற்கெனவே காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே முதல் கேள்வி எந்தச் சவ்வு என்பதல்ல. மூச்சு விடுகிறானா, தலையோ கழுத்தோ அடிபட்டதா, இரத்தம் போகிறதா, கால் வளைந்து கிடக்கிறதா என்பதுதான்.

என் முதல் வருடத்தில் நடந்தது இது. உதைபந்தாட்டம், கோல் வாசலில் இருவர் மோதினார்கள். ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். நான் ஓடிப்போய்ப் படித்த சோதனைகளை வரிசையாகச் செய்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மற்றவன் எழுந்து நின்று, தன் அணி எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்ததை வயதான பயிற்றுநர்தான் கண்டார். மூளை அதிர்ச்சி. அப்படிப்பட்டவரை உடனே வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப விளையாட விடக் கூடாது. எனக்கு இது பரீட்சையில் வந்த கேள்வி, முழுப் புள்ளி வாங்கியிருந்தேன்.

அன்றிரவே என் குறிப்புகளைத் திருப்பி எழுதத் தொடங்கினேன். முழங்காலுக்குள் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் ‘முன் சிலுவைச் சவ்வு’ என்ற தலைப்பை வெட்டிவிட்டு, ‘ஒருவரும் முட்டவில்லை, திரும்பும்போது டக் என்று சத்தம், இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கியது’ என்று போட்டேன். அப்படி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தச் சவ்வைத்தான். வீக்கம் மெல்ல மெல்ல ஏறி அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தால் குருத்தெலும்புத் தட்டின் பக்கம் யோசிக்கலாம். தகவல் அதேதான், மைதானத்தில் கண்ணுக்கும் காதுக்கும் வரும் ஒழுங்கில் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். நீங்களும் உங்கள் நோட்டை ஒரு முறை அப்படி எழுதிப் பாருங்கள்.

கால் பிரண்டா எக்ஸ்ரே எடுக்கத்தான் வேணுமோ?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் இதற்கென்றே ஒரு விதியை உருவாக்கினார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியையும், பின் விளிம்பை மேலே 6 சென்ரிமீற்றர் வரைக்கும் விரலால் அழுத்துங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் சின்ன விரலுக்குப் பின்னே போகும் எலும்பின் அடியையும், உள்பக்க வளைவின் மேல் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். இதில் எந்த எலும்பு நொந்தாலும் எக்ஸ்ரே வேண்டும். பிரண்ட உடனேயும் சோதிக்கும்போதும் நாலு அடி வைக்க முடியாவிட்டாலும் வேண்டும். எதுவுமே இல்லை என்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

சின்னப் பிள்ளைகளில் இந்த விதியை நம்பி இருந்துவிட வேண்டாம். வளரும் எலும்பின் கதை வேறு.

படிப்பும் வேலையும் கைகோர்த்த இடத்துக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆயிரக்கணக்கான கணுக்கால்களைப் பார்த்து, எண்ணி, கடைசியில் ஒரு பெருவிரலாலும் நாலு அடியாலும் செய்யக்கூடிய வேலையாகச் சுருக்கித் தந்திருக்கிறார்கள். கொடிகாமத்திலும் செய்யலாம், நெடுந்தீவிலும் செய்யலாம். நெடுந்தீவில் இன்னும் பிரயோசனம், எக்ஸ்ரேக்காகப் படகேற வேண்டுமா என்று தீர்மானிக்க.

ஐஸ் வைக்கிறதோ, சுடு ஒத்தடமோ, ஒட்டகப்புலத்து எண்ணெயோ?

ஐஸ் நோவைக் குறைக்கும். முதல் ஓரிரு நாள், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டல், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின் தானே பின்னாளில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று நிலையை மாற்றிக்கொண்டார். இன்றைக்குச் சொல்வது, தாங்கக்கூடிய அளவுக்கு விரைவாக அசைக்கத் தொடங்குங்கள் என்பதுதான்.

எண்ணெய் தடவுவதில் எனக்குச் சண்டை இல்லை, மெதுவாகத் தடவுங்கள். உருவுவதில்தான் சண்டை. தொடையில் எதிராளியின் முழங்கால் இடித்துக் கன்றிப்போன இடத்தைப் புதிதில் போட்டு அழுத்தி உருவினால், தசைக்குள் எலும்பு மாதிரிப் படிவு வளரலாம். பிறகு மாதக் கணக்கில் முழங்கால் மடங்காது. சுடு ஒத்தடம் பழைய இறுக்கத்துக்கு நல்லது, புது வீக்கத்துக்கு வேண்டாம்.

முறிவு நெரிவு வைத்தியரிட்டப் போய்ப் புக்கை கட்டினா ஏசுவீங்களோ?

ஏச மாட்டேன். என் அப்பாவின் மணிக்கட்டு அப்படி மருந்து வைத்துக் கட்டித்தான் ஆறியது. இங்கே பல தலைமுறை கைப்பழக்கம் இருக்கிறது, கைதடியில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் பட்டமாகவும் படிக்கிறார்கள். நான் கேட்பது இரண்டே விஷயம். எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். கட்டிய பிறகு விரல்கள் விறைத்தால், நீலம் பாய்ந்தால், நோவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், எந்த நேரமானாலும் கட்டை அவிழ்த்து வைத்தியசாலைக்கு ஓடுங்கள். பிள்ளைகள் முழங்கையில் விழுந்தால் நேரே வைத்தியசாலை. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆய்வுக் கட்டுரை வாசி வாசி எண்டு சொல்லுறாங்கள். இங்கிலீசும் விளங்குதில்ல, கணக்கும் விளங்குதில்ல. எங்க தொடங்குறது?

முதலில், வாசிப்பதற்காக வாசிக்காதீர்கள். மைதானத்திலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவாருங்கள்: ‘பதினைந்து வயதுக் கரப்பந்தாட்டப் பிள்ளை, முழங்கால் சில்லுக்குக் கீழே நோ, இரண்டு மாதம். ஓய்வு கொடுப்பதா, பயிற்சி கொடுப்பதா?’ இப்படி ஆள், பிரச்சினை, இரண்டு வழி, எதிர்பார்க்கும் பலன் என்று கேட்டால் தேடல் பாதி முடிந்தது. பெட்ரோ என்று சிட்னியிலிருந்து நடத்தும் இலவசத் தரவுத்தளம் 1999 முதல் இருக்கிறது. இயன்மருத்துவ ஆய்வுகள் மட்டும்தான் அதில். ஒவ்வொரு பரிசோதனைக்கும் 10-க்கு எத்தனை என்று தரப்புள்ளியும் போட்டிருப்பார்கள். கணக்கு விளங்காதவருக்கு அது நல்ல கைத்தடி.

ஆங்கிலத்துக்கு என் வழி: ஒரு கட்டுரையை எடுத்து, யார் மீது செய்தார்கள், என்ன செய்தார்கள், எத்தனை நாள், என்ன அளந்தார்கள், என்ன கிடைத்தது என்று ஐந்து வரி தமிழில் எழுதுவேன். ஐந்து வரி எழுத முடியாவிட்டால் எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். பேராதனையிலோ கொழும்பிலோ படிக்கும் இரண்டு பேர் சேர்ந்து கிழமைக்கு ஒன்று செய்தால் வருடத்துக்கு ஐம்பது.

அந்த ஆய்வெல்லாம் நோர்வேக்காரர் செய்தது. எங்கட கட்டாந்தரைக்குச் சரிவருமோ?

நல்ல கேள்வி, ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு சூடாக்கும் பயிற்சி இருக்கிறது. 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடம், ஒரு பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களின் 125 கழகங்களில் பரிசோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைந்தன, கடுமையான காயங்கள் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்த கால் காயங்களில் குறைவு தெரிந்தும், அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. தலைப்பை மட்டும் வாசிப்பவருக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒழுங்காகச் செய்த அணிகளில்தான் பலன் கூடுதல்.

இனி நம் மைதானம். ஒரு தசை பலப்படும் விதம் ஒஸ்லோவிலும் அரியாலையிலும் ஒன்றுதான், அது அப்படியே பொருந்தும். மாறுவது மற்றவை. பின்னேரம் நாலு மணி வெயிலில் 20 நிமிடம் சூடாக்கினால் எங்கள் பிள்ளைகள் மட்ச் தொடங்க முன்னமே களைத்துவிடுவார்கள். அதனால் பலத்துக்கும் சமநிலைக்கும் உள்ள நடுப் பகுதியைப் பயிற்சி நாட்களில் நிழலில் வைத்துவிட்டு, மட்ச் நாளில் ஓட்டப் பகுதியை மட்டும் செய்விக்கிறேன். பல பேர் ஒரே சப்பாத்தை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், தரையில் கல் கிடக்கிறது. ஒற்றைக்காலில் குதித்து இறங்கும் இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். எங்கள் தரையிலும் வெயிலிலும் இந்த மாற்றங்களை யாரும் சோதித்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால் எங்கள் அணியில் காயம் குறைகிறதா என்று நானே எண்ண வேண்டியிருக்கிறது.

வெயில் என்றதும் இன்னொன்று. ஒருவர் உடம்பு கொதித்து, உளறி, விழுந்தால் வாகனம் தேடுவதற்கு முன் குளிர வையுங்கள். தொட்டித் தண்ணீர், கிணற்று வாளி, கிடைக்கிற ஐஸ் எல்லாம் ஊற்றுங்கள். முதலில் குளிர், பிறகு பயணம்.

மாஸ்டர் சொல்லுறது ஒண்டு, புத்தகம் சொல்லுறது இன்னொண்டு. மாஸ்டரோட முரண்படலாமோ?

முரண்படலாம், எல்லோர் முன்னாலும் வேண்டாம். முப்பது வருடம் மைதானத்தில் நின்ற மாஸ்டருக்கு உங்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும், ஒவ்வொரு பிள்ளையும் நல்ல நாளில் எப்படி ஓடும் என்பது. மேலே மூளை அதிர்ச்சியைக் கண்டது நான் இல்லை என்று சொன்னேன் அல்லவா? சான்று அடிப்படையில் வேலை செய்வது என்பதற்கு 1996-இல் டேவிட் சாக்கெட்டும் கூட்டாளிகளும் தந்த விளக்கத்திலும் ஆய்வுச் சான்றோடு அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்துதான் வருகின்றன.

நான் செய்வது, இரண்டு கிழமைத் தவணை கேட்பது. “சேர், நீட்டி இழுக்கிற பயிற்சியை இரண்டு கிழமைக்கு மட்ச் முடிஞ்ச பிறகு வைப்பம், முன்னுக்கு ஓடிச் சூடாக்குவம். சரிவராட்டி பழையபடி.” பிழை என்று சொன்னால் வாசல் மூடும். தவணை கேட்டால் தேத்தண்ணி கிடைக்கும்.

எங்களிட்ட ஒரு மிஷினும் இல்லை. எதை வச்சு அளக்கிறது?

தையல்காரர் அளவு நாடா ஒன்று, கைத்தொலைபேசி ஒன்று, சுவர் ஒன்று போதும். சுவரைப் பார்த்து நின்று, குதிக்கால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை சென்ரிமீற்றர் என்று இரண்டு காலிலும் அளந்தால் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். ஒற்றைக்காலில் எவ்வளவு தூரம் பாய்கிறார் என்று அளவுங்கள். குதித்து இறங்குவதை மெதுவோட்ட வீடியோவாக எடுத்தால் முழங்கால் உள்ளே சாய்வது தெரியும். பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்தில் “இண்டைக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 6 என்று சொல்லி 70 நிமிடம் செய்திருந்தால் 420. இந்த எண் ஒரு கிழமையில் திடீரென்று இரட்டித்தால் கவனம்.

குறிப்பு எழுது எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். ஆருக்கு நேரமிருக்கு? என்னத்தை எழுதுறது?

வைத்தியசாலைக் குறிப்புக்கு நான்கு பகுதி என்று படித்திருப்பீர்கள்: அவர் சொன்னது, நான் கண்டது, என் கணிப்பு, இனிச் செய்யப்போவது. மைதானத்துக்கு அவ்வளவு வேண்டாம். எண்பது பக்கக் கொப்பி ஒன்று, ஆளுக்கு ஒரு பக்கம், ஐந்து நிரல்: திகதி, நிமிடம், கஷ்டம், நோ, நித்திரை. ஒருவருக்கு இருபது செக்கன். பிள்ளைகளே நிரப்புவார்கள், தலைவனிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் மதிப்பது இதில் ஒரு வரியை. கணிப்பை எழுதும்போது எப்போது சுகமாகும் என்று ஒரு திகதியையும் எழுதுங்கள். திகதி வந்ததும் திருப்பிப் பாருங்கள். முதல் வருடம் என் திகதிகளில் பாதிக்கு மேல் பிழைத்தன, எல்லாம் ஒரே பக்கமாகத்தான் பிழைத்தன. எல்லோரையும் நான் அவசரமாகச் சுகமாக்கியிருந்தேன், கொப்பியில் மட்டும்.

முழங்கால் சவ்வு ஒப்பரேசன் செய்து ஆறு மாசம். ஓட ஏலுது, நோவும் இல்லை. விளையாடலாம்தானே?

ஓட முடிவதும் விளையாட முடிவதும் வேறு வேறு. புதிதாக வைத்த சவ்வு உயிருள்ள திசுவாக மாற மாதங்கள் எடுக்கும், அது நோவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. டெலவெயாரிலும் ஒஸ்லோவிலும் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், 9 மாதம் வரைக்கும் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பக் காயப்படும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. ஆறாம் மாதத்தில் கேட்கும் பிள்ளைக்கு நான் காட்டுவது இதைத்தான்.

மாதம் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். மேலே சொன்ன ஒற்றைக்கால் பாய்ச்சலில் காயப்பட்ட கால் மற்றதின் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பொது வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறு மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். இரண்டும் சமமாகப் பலவீனமாக இருந்தாலும் கணக்கு 100 சதவீதம் காட்டும். அதனால்தான் காயம்படும் முன்பே, பருவத் தொடக்கத்தில், எல்லோருடைய அளவையும் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

பிக் மட்ச் வருது, பெடியனுக்கு முதுகு நோ. ஊசி ஒண்டு போட்டு இறக்கலாமோ?

1904-இல் தொடங்கிய பாடசாலைக் கிரிக்கெட் போட்டி, வடக்கின் பெருஞ்சமர் என்றால் எனக்கும் உடம்பு புல்லரிக்கும். பெடியனுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வரும் மூன்று நாள் என்றும் தெரியும். இருந்தாலும் வளரும் வயது வேகப்பந்துவீச்சாளர், பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கக் கீழ்முதுகில் நோ, பின்னால் வளையும்போது கூடுகிறது என்றால் அது முள்ளந்தண்டில் அழுத்த முறிவாக இருக்கலாம். நோவை மறைத்து வீசவிட்டால் வெடிப்பு முழு முறிவாகும். ஸ்கான் எடுக்கும் வரை பந்து வீசக் கூடாது. பிள்ளைக்கு ஆசை இருந்தால் துடுப்பெடுத்தாட முடியுமா என்று வைத்தியரைக் கேட்கலாம்.

ஊசி என்றால் எந்த ஊசி என்றும் கேளுங்கள். ஸ்டீரொய்ட் ஊசி எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-இல் சேர்த்தது, டிரமடோல் என்ற நோ மருந்து 2024-இல் சேர்ந்தது. இலங்கையில் 2013-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இதற்கென்று ஒரு முகவர் நிலையமே இருக்கிறது. பாடசாலை மட்சில் யார் சோதிக்கப் போகிறார்கள் என்று சிரிப்பவரிடம், இந்தப் பிள்ளை அடுத்த வருடம் தேசிய அணிக்குப் போனால் என்ன பழக்கத்தோடு போகும் என்று நான் கேட்பேன்.

இன்னொரு விஷயம் மெதுவாகச் சொல்கிறேன். பிள்ளையின் நோவைப் பற்றி அதிபருக்கோ பழைய மாணவருக்கோ பிள்ளையையும் பெற்றோரையும் கேட்காமல் சொல்லாதீர்கள். ‘ஆடத் தகுதி இல்லை’ என்பது மட்டும் அவர்களுக்குப் போதும்.

பெம்பிளைப் பிள்ளையளுக்கும் அதே பயிற்சிதானோ?

அடிப்படை அதேதான். ஆனால் உதைபந்தாட்டத்தில் முன் சிலுவைச் சவ்வு அறுவது பெண்களில் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே குதித்து இறங்கப் பழக்குவதை விடவே கூடாது. தெல்லிப்பழையில் கோலூன்றிப் பாயும் பிள்ளைகளும், வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் இருக்கும் ஊர் இது, ‘பெம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்றால் ‘கடும் பயிற்சிதானே’ என்று விடாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள், எலும்பு தேய்வதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

ஆண் பிசியோக்கள் கேட்கும் துணைக் கேள்வி: தொட்டுப் பார்க்கலாமா? என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, அம்மாவோ ரீச்சரோ பக்கத்தில் நிற்க, கதவு திறந்திருக்கச் செய்யுங்கள். உண்மையில் ஆண் பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.

அம்மா விளையாட்டை விட்டுட்டுப் படி எண்டுறா. நான் ரெண்டும் செய்ய ஏலுமோ?

அம்மாவிடம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். யாழ் மத்திய கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் பாய்ந்தவர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம், இலங்கைக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது. பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். எல்லோருக்கும் அப்படி அமையாது, சரி. ஆனால் பத்தாம் வகுப்பில் பயிற்சியை விட்டால் மிச்சமாகும் மணித்தியாலம் படிப்புக்குத்தான் போகிறதா, தொலைபேசிக்குப் போகிறதா என்று அம்மாவும் நீங்களும் ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்.

புத்தகத்தில உள்ளபடியே எல்லாம் செய்தன் மிஸ். சுகம் வரேல்ல. பிழை ஆரில?

ஆரில் என்று தேட முன் மூன்றைப் பாருங்கள். கணிப்புச் சரியா? இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, மெலிவு, காய்ச்சல் இருந்தால் அது விளையாட்டுக் காயமாக இல்லாமல் இருக்கலாம், உடனே வைத்தியர். அடுத்தது, கொடுத்த பயிற்சியைச் செய்தார்களா? ‘ஓம் மிஸ்’ என்பது பதில் அல்ல, செய்துகாட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, நீங்கள் எண்ணாத பாரம் எங்கேயாவது இருக்கிறதா?

மூன்றாவதில் நான் விழுந்திருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பெடியன், முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நோ, அந்த வயதில் வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான். பயிற்சியைப் பாதியாகக் குறைத்தேன், பலப்படுத்தினேன், கொப்பியில் எண்கள் எல்லாம் அழகாக இறங்கின. நோ மட்டும் இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தற்செயலாக அவன் அப்பாவைச் சந்தியில் கண்டேன். பெடியன் தினமும் ரியூசனுக்கு ஏழு கிலோமீற்றர் போய் ஏழு கிலோமீற்றர் வருகிறானாம், தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கரியர் பதிந்த பழைய லுமாலாவில், ஆசனம் இரண்டு அங்குலம் பதிவாக.

ஆசனத்தை உயர்த்தினோம், தங்கை பஸ்ஸில் போகத் தொடங்கினாள். என் கொப்பியில் இப்போது ஆறு நிரல்: திகதி, நிமிடம், கஷ்டம், நோ, நித்திரை, சைக்கிள்.